தாய்ப்பத்திரம்

அழகர்கோவில் மலையில் அம்மா கையிலிருந்த நெல்லிக்காய்ப் பொட்டலத்தை ஒரு பெண்குரங்கு வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கியது என்று சொல்ல மனம் வரவில்லை. முதலில் முந்தானையைப் பிடித்து அம்மாவை நிறுத்தியது. அப்புறம் பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. பொட்டலம் கைக்கு வந்ததும் நாலடி தள்ளிப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையால் ஒரு காயை எடுத்துக் கடித்தது. புளிப்பில் அதன் முகம் சுருங்கியதைப் பார்த்து அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போயிருந்தோம். கீழே பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்து, நூபுர கங்கைக்கு ஏறிய நேரம் அது. அண்ணனின் மூத்தவன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவன் அந்தக் குரங்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, இதுல இருந்துதான் நாம வந்தோம்னா, இது மட்டும் ஏன் இன்னும் இப்படியே இருக்கு?"

அம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "சாமி கும்பிட வந்த எடத்துல பேசுற பேச்சாடா இது?"

இதே கேள்வியை வகுப்பில் கேட்டானாம். பரீட்சைக்கு வருவதை மட்டும் படி என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்களாம். எனக்கு அதைக் கேட்டதும் மனசு சுருக்கென்றது. மத்திய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, 2023-ல் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. இருந்தும், பையனின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் பாடம் இருந்து என்ன?

அவனுக்கு அன்றைக்கு மலையிலும், வேனிலும், வீட்டிலுமாகச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கல்லூரியில் படித்தது விலங்கியல். 22 வருடமாகப் பார்ப்பது பத்திரம் எழுதும் வேலை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மை ஒட்டிய மேஜை. படித்ததற்கும் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லையே என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இரண்டிலும் விசாரிப்பது ஒன்றைத்தான்: யார் யாருக்கு என்ன உறவு, எது எங்கிருந்து வந்தது.

"மேலூர்ல சின்னத் தாத்தா வீட்டு ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்க நமக்கு என்ன வேணும்?" என்று அவனிடம் கேட்டேன்.

"பங்காளி."

"அவங்ககிட்ட இருந்தா நாம பிறந்தோம்?"

"இல்ல. ரெண்டு பேரும் ஒரே பூட்டன்கிட்ட இருந்து."

"பூட்டன் இப்ப இருக்காரா?"

"இல்ல."

"மேலூர்க்காரங்க பூட்டன் மாதிரியே அச்சு அசலா இருக்காங்களா? நாம மட்டும்தான் மாறினோமா?"

அவன் யோசித்தான். மேலூர் பெரியப்பா அரிசி மண்டி வைத்திருக்கிறார். எங்கள் பூட்டனோ மாட்டு வண்டியைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை என்று சொல்வார்கள்.

அவ்வளவுதான் விஷயம். நாம் இந்தக் குரங்கிலிருந்து வரவில்லை. இந்தக் குரங்கும் நாமும் பங்காளிகள். இரண்டு வகையறாவுக்கும் பொதுவான மூதாதை சுமார் இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது நாமும் இல்லை, இந்த நாட்டுக் குரங்கும் இல்லை. பாகம் பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் மாறியிருக்கிறது. நடுவகிடு எடுத்துச் சீவியதுபோல் தலைமயிர், தின்னாமல் சேர்த்து வைத்துக்கொள்ளக் கன்னத்தில் பை, உடம்பளவு நீளும் வால் என்று அது தன் வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக அது கிடையாது. அதுவும் இன்றைய உயிர்தான். நமக்காகப் பாதி வழியில் நின்றுவிட்ட பழைய பிரதி இல்லை.

கூனிக் கூனி நடந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து கடைசியில் மனிதனாகும் அந்தப் படம் இருக்கிறதே, அதைப்போல் இந்த விஷயத்தைக் கெடுத்தது வேறொன்றும் இல்லை. வம்சம் வரிசையாகப் போவதில்லை, கிளை கிளையாகப் போகிறது. தமிழில் கிளை என்றால் மரத்தின் கொப்பும்தான், சொந்தமும்தான். ஒரே சொல்லில் இரண்டும் இருக்கும் மொழியில் பிறந்த நமக்கு இது எளிதாகப் புரிந்திருக்க வேண்டும்.

சரி, பங்காளி என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அத்தாட்சி என்ன? எங்கள் அறைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு வழக்கு வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு நிலம். ஒருவர் தன் நிலம் பாட்டன் வழி என்றார். மற்றவர், இல்லை, எங்கள் தாத்தா வேறொருவரிடம் கிரயத்துக்கு வாங்கியது, இவர்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். இருவரிடமும் நகல்கள் இருந்தன. மூலப்பத்திரம், அதாவது தாய்ப்பத்திரம், எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. எங்கள் பெரியவர், என் தொழில் குரு, இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவித் தடவிப் படித்தார். நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, சொல்லும் இடத்தில் இரண்டிலும் கிணறு வடக்கே இருப்பதாக எழுதியிருந்தது. உண்மையில் கிணறு தெற்கே. இரண்டிலும் சர்வே எண்ணில் ஒரே இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. இரண்டிலும் ஒரே பெயரில் ஒரே எழுத்து விடுபட்டிருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சரியா எழுதியிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. சரியா யார் வேணும்னாலும் எழுதுவான். தப்பை ஒரே எடத்துல ஒரே மாதிரி ரெண்டு பேரு பண்ண முடியாது. ரெண்டுக்கும் தாய் ஒண்ணுதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் கல்லூரியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருந்த ஒரு பாடம் அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அது நெல்லிக்காய் சம்பந்தப்பட்டது.

நெல்லிக்காயில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது கிடைக்காமல் போனால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறாத புண் வரும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த பழைய கப்பல்காரர்கள் ஸ்கர்வி என்னும் அந்த நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஆனால் அழகர்கோவிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு நெல்லிக்காய் தேவையில்லை. மாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் தேவையில்லை. வைட்டமின் சி-யை அவை தம் ஈரலிலேயே செய்துகொள்கின்றன. செய்வதற்குப் பல படிகள் உண்டு. கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதியை உண்டாக்கும் மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது.

இல்லாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்முடைய 8-ஆவது குரோமோசோமில் அந்த மரபணுவின் மிச்சம் இருக்கிறது. பாதி வரிகள் அழிந்து, மீதி வரிகள் படிக்க முடியாமல், செல்லாத பத்திரமாக. யாரும் அதைக் கிழித்தெறியவில்லை. தலைமுறை தலைமுறையாக நகலெடுத்து நகலெடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டே வருகிறோம். சிம்பன்சியிடமும் அதே மரபணு இதே பழுதோடு இருக்கிறது. கொரில்லாவிடம் இருக்கிறது. அம்மாவிடம் பொட்டலம் வாங்கிய குரங்கின் இனத்திடமும் இருக்கிறது. சீமைப் பெருச்சாளி என்கிறார்களே, அந்தக் கினியாப் பன்றிக்கும் வைட்டமின் சி செய்யத் தெரியாது. ஆனால் அதன் பழுது வேறு மாதிரியானது, தனியாக வந்தது. அது வேறு பத்திரம், வேறு தப்பு. நம்முடையதும் குரங்குகளுடையதும்தான் ஒரே தாயிலிருந்து எடுத்த நகல்.

இந்தப் பிழை எப்போது நுழைந்தது என்பதையும் பாகம் பிரிந்த வரிசையை வைத்தே சொல்லலாம். தேவாங்கைப் பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் அய்யலூரில் இருக்கிறார்கள். ஒரு மாசி இரவில் அவர்கள் தோட்டத்து வேலியோரம் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு போனோம். முள்ளுக்குள் இரண்டு கனல் துண்டு தெரிந்தது. கண்ணில் படும் வெளிச்சம் அப்படித் திருப்பி அடிக்கிறது. அது ஒரு அடிகூட அவசரமாக எடுத்து வைக்கவில்லை. குச்சிபோன்ற கையை நீட்டி, கொப்பைப் பற்றி, உடம்பை மெதுவாக இழுத்து, அடுத்த கையை நீட்டியது. மெலிந்த பிள்ளையை "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று திட்டுகிறோமே, அந்தக் கை, அந்த விரல், அந்தப் பிடி, எல்லாம் நம்முடையது போலவே இருக்கின்றன. அதுவும் நம் வகையறாதான். முதனிகள் என்று நம்மையும் சேர்த்துச் சொல்லும் பெருங்குடும்பத்தில் மிக முன்னதாகப் பாகம் பிரிந்து போன வீடு. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. தேவாங்கு வகையினர் இன்றும் வைட்டமின் சி-யைத் தாமே செய்துகொள்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் பிரிந்து போன பிறகுதான் நம் பக்கத்துப் பத்திரத்தில் அந்தப் பிழை விழுந்திருக்கிறது. காடெல்லாம் பழமும் தளிரும் கிடைத்ததால் அன்றைக்கு அந்தப் பிழை யாரையும் கொல்லவில்லை. கொல்லாத பிழை திருத்தப்படாமலேயே வந்துவிட்டது.

அந்த அய்யலூரைச் சேர்த்துத்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. மாந்திரீகம், மருந்து என்று பிடித்துக் கொன்றதும், சாலையில் அடிபட்டதும் போக மிஞ்சியவை அங்கே இருக்கின்றன. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வால் பற்றி அவன் கேட்காமல் இருப்பானா? கேட்டான். நான் அம்மாவைக் காட்டினேன். நாலு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மாதம் உட்கார முடியாமல் கிடந்தாள். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்த டாக்டர் "வால் எலும்புல அடி" என்றார். முதுகெலும்பின் நுனியில் மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டைகள் ஒட்டிப்போய் உள்பக்கம் வளைந்திருக்கும். வால் போன பிறகும் வாலின் அடிக்கட்டை போகவில்லை.

வால் எப்படிப் போனது என்பதற்கு 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. நம் டி.என்.ஏ-வுக்குள் ஆலு என்று பெயர் வைத்த சின்னச் சின்ன வாசகங்கள் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன, பத்து லட்சத்துக்கும் மேல். அவை தம்மைத் தாமே நகலெடுத்து வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளவை. அப்படி ஒன்று, வால் வளர்வதோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு பத்திரத்தின் நடுவில் வேறொரு பத்திரத்தின் பாரா வந்து விழுந்ததுபோல. மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் என்று வாலில்லாத எல்லோரிடமும் அந்தப் பாரா அதே இடத்தில் இருக்கிறது. வாலுள்ள குரங்குகளிடம் இல்லை. எலிகளிடம் அந்த மரபணுவை இதேபோல் மாற்றிப் பார்த்தபோது வால் குட்டையாகவும், சிலவற்றில் வாலே இல்லாமலும் குட்டிகள் பிறந்தன. மறுபடியும் அதே கதைதான், ஒரே இடத்தில் ஒரே தப்பு.

இதில் என்னை இன்றைக்கும் நிறுத்தி வைப்பது ஒரு விஷயம். சிம்பன்சிக்கு மிக நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டால் எல்லோரும் கொரில்லா என்பார்கள். தப்பு. சிம்பன்சிக்கு, அதன் உடன்பிறப்பான பொனபோவுக்கு அடுத்தபடி, நெருங்கிய சொந்தம் நாம்தான். கொரில்லா வீடு முன்னதாகவே பிரிந்துவிட்டது. சிம்பன்சி வீடும் நம் வீடும் பிரிந்தது 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதனால் மனிதன் ஒரு பக்கம், குரங்கெல்லாம் மறுபக்கம் என்று கோடு கிழிக்க இந்தக் குடும்பத்தில் இடமே இல்லை. நாம் போட்ட அந்தக் கோட்டை வம்சாவளி ஏற்பதில்லை.

பிரிந்த பிறகு நம் பக்கத்திலும் நிறைய வீடுகள் இருந்தன. எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த லூசி என்று பெயர் வைத்த ஆதி முன்னோர் வகைப் பெண்ணின் எலும்புகள் 32 லட்சம் ஆண்டுப் பழமையானவை. மூளை ஏறக்குறைய சிம்பன்சி அளவுதான், நடையோ இரண்டு காலில். அப்படியென்றால் நாம் முதலில் நிமிர்ந்தோம், அறிவு பெருத்தது பிறகு. நம் சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது. அவற்றைச் செதுக்கிய கைகள் நம் இனத்தின் கைகள் அல்ல, நம் இனம் பிறந்தே மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. கீழடியின் 2,600 ஆண்டுகளைச் சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது, எனக்கும்தான். அந்த 2,600-ஐ 15 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மொட்டையிலிருந்துதானே தொடங்கினோம். கருப்பர் சன்னிதிக்குப் பக்கத்தில் நாவிதர் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தபோது அண்ணி சொன்னாள், "இனி கொஞ்ச நாளைக்குப் பேன் தொல்லை இல்ல." எனக்கு அப்பத்தாவின் ஞாபகம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் பெண்கள் படிப்படியாக உட்கார்வார்கள். ஒருத்தி தலையை இன்னொருத்தி பார்ப்பாள், அவள் தலையை அதற்கு மேல்படியில் இருப்பவள். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் ஓடும். அப்பத்தா நகத்தில் பேனைக் குத்தும் சத்தத்தில் நான் அவள் மடியில் அப்படியே தூங்கிப்போவேன். அன்றைக்கு மலையில் கைப்பிடிச் சுவரின் மேல் குரங்குகள் அதே வரிசையில், அதே முக பாவத்தோடு, ஒன்றன் மயிரை ஒன்று விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படிப் பார்க்கப்படும்போது அவற்றின் மூளையில் இதமான ரசாயனங்கள் சுரக்கின்றன, உறவு இறுகுகிறது. நான் தூங்கிப்போனதும் அதனால்தான்.

இந்தப் பேனும் ஒரு சாட்சி. பேன் இனம் விட்டு இனம் மாறி வாழாது. தலையிலிருந்து தலைக்குத்தான் போகும். ஆகவே இனம் பாகம் பிரிந்தால் பேனும் பாகம் பிரியும். சிம்பன்சியின் பேனும் நம் தலைப்பேனும் நெருங்கிய சொந்தம். அவை பிரிந்தது எப்போது என்று அவற்றின் டி.என்.ஏ-வை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 60 லட்சம் ஆண்டுகள் வருகிறது. நாமும் சிம்பன்சியும் பிரிந்த அதே காலம். நம் பத்திரத்தைப் பேன் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறது!

அப்பத்தா இரண்டு பேனைப் பெயர் பிரித்துச் சொல்வாள். தலையில் இருப்பது பேன். துணி மடிப்பில் ஒளிந்திருந்து கடிப்பது சீலைப்பேன். துணி இருந்தால்தான் சீலைப்பேன் வாழ முடியும். ஆகவே தலைப்பேனிலிருந்து அது எப்போது பிரிந்தது என்று தெரிந்தால், மனிதர் உடை உடுத்தத் தொடங்கிய காலம் தெரிந்துவிடும் அல்லவா? அந்த யோசனை தோன்றியவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 2011-ல் வந்த ஒரு கணக்கின்படி அது குறைந்தது 83,000 ஆண்டுகளுக்கு முன், 1,70,000 ஆண்டுகள் வரைகூட இருக்கலாம். பருத்தியும் தறியும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, தோலோ எதுவோ, ஏதோ ஒன்றை மேலே போர்த்திக்கொண்டிருக்கிறோம். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ஆய்வின் பாதி வேலையை அவள் பேச்சிலிருந்த அந்த ஒரு சொல் முடித்து வைத்திருந்தது.

மதுரைக்காரர்கள் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் ஜோதிமாணிக்கத்தைச் சொல்லாமல் விடமாட்டார். மதுரைப் பக்கத்துக் கிராமம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழுவினர் இந்தப் பகுதி மக்களிடம் ரத்த மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்னும் அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய தொடக்க கால மனிதரில் ஒரு பிரிவினரின் வழி அது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆண்களிடம் அந்த வழி பரவலாக இருக்கிறது. கடலோரமாகவே நடந்து இந்தியாவின் தென்கோடியைத் தொட்டுக் கிழக்கே போனவர்கள் விட்டுச் சென்ற தடம் என்று ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியலாளரும் பிச்சப்பனும் உலகத்துக்குச் சொன்னார்கள்.

இந்த அடையாளம் இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. அதாவது அச்சாகப் பங்காளி வழி. குலதெய்வம் கோயிலில் யாருக்கு வரி, யாருக்கு இல்லை என்று நாம் வைத்திருக்கும் அதே கணக்கு. எனக்கு அந்தக் குரோமோசோமே கிடையாது. நான் அம்மாவிடம் வாங்கியது வேறு வழி. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்பின் டி.என்.ஏ-வில், அம்மாவுக்கு அவள் அம்மா, அவளுக்கு அவள் அம்மா என்று போகிறது. பங்காளி வழி என்று பேசிப் பேசியே பழகிய ஊரில் இதைச் சொல்லும்போது பெண்பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பார்த்திருக்கிறேன்.

ஆனால் "இந்தியாவின் முதல் மனிதர் நம்ம ஊர்க்காரர்" என்று எழுதினார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் நம் காலத்து மனிதர். அவரிடம் இருந்தது ஒரு பழைய முத்திரை. நம் ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கான முன்னோர் உண்டு. ஒய் வழி அதில் ஒரே ஒரு நூல். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு எங்கள் சாதிதான் மூத்தது என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பூமியில் இன்று உயிரோடு இருக்கும் எல்லோருடைய வம்சமும் ஒரே அளவு பழையது. ஜோதிமாணிக்கம் காட்டுவது இதற்கு நேர் எதிரான ஒன்று. உசிலம்பட்டிச் சந்தைக்கு வரும் ஒருவருக்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பங்காளி இருக்கலாம் என்பதுதான் அது.

அம்மாவின் மறுப்பு வேறு மாதிரி இருந்தது. வேனில் வரும்போது சொன்னாள், "எல்லாம் சரிடி. நமக்கு ஆறறிவு. அதுக்கு அஞ்சுதானே?"

மக்கள் தாமே ஆறறிவு உயிரே என்ற தொல்காப்பிய வரியை எல்லோரும் அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வரி "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று வருகிறது. அங்கேயும் கிளை. அதோடு, விலங்கிலும் ஒருசார் அப்படி உண்டு என்று சொல்லும் நூற்பாவும் இருக்கிறது. இளம்பூரணர் உரையில் அதற்கு எடுத்துக்காட்டாக வருபவை கிளியும் குரங்கும் யானையும். தொல்காப்பியர் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அவருக்கும் மரியாதை இல்லை, டார்வினுக்கும் இல்லை. குரங்கை உற்றுப் பார்த்த ஒருவர் கோட்டை அழுத்திக் கிழிக்கத் தயங்கியிருக்கிறார் என்று மட்டும் சொல்கிறேன். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்த அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கும் அந்தத் தயக்கம்தான் வந்தது.

இந்தப் பங்காளியின் நிலைமையும் நன்றாக இல்லை. சாலையை அகலப்படுத்த ஆலமரங்களை வெட்டினோம், மரத்தோடு அவற்றின் வீடும் போனது. வடக்கிலிருந்து செம்முகக் குரங்குகள் இறங்கி வந்து இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்ற பட்டியலில் நாட்டுக் குரங்கு சேர்ந்துவிட்டது. கோயிலில் பத்து குரங்கு நம்மைச் சூழ்ந்துகொள்வதால் எங்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து, அண்ணி காபி போட, அம்மா இரண்டாவதாக வாங்கிய நெல்லிக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையின் மொட்டையைப் பார்க்க வந்திருந்தார். அம்மா அவரிடம் ஒரு காயை நீட்டிக்கொண்டே சொன்னாள், "ஆட்டுக்கு இது வேணாமாம். நமக்கும் கொரங்குக்கும்தான் வேணுமாம். பத்திரத்துலயே பிழையாம்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, நீதான் தினம் எழுதுறியே, ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுற வேண்டியதுதானே?"

"எழுதிக் கொடுத்தவங்க வந்து கையெழுத்துப் போடணும்மா. அவங்க இல்லைன்னா வாரிசு எல்லாரும் வரணும்."

"வாரிசுக்குத்தான் நாம இருக்கோமே." அம்மா காயைக் கடித்தாள். முகம் அதே மாதிரி சுருங்கியது. "அந்தக் கொரங்கும்ல வரணும். அதுக்கு எங்க கையெழுத்துப் போடத் தெரியப் போகுது?"

"கைநாட்டு வைக்கும்மா. நம்மள மாதிரியே அதுக்கும் விரல்ல ரேகை இருக்கு."

அம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தன் கட்டைவிரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.